லைன் வண்டிக்கு வழி சொல்ல யாருக்குக் கப்பம்?

சென்ற ஆவணியில் நமது சங்கக் கட்டிடத்தில் நடந்த செயற்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு அன்றைய பேச்சு நினைவிருக்கும். வராத உறுப்பினர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரம் லைனுக்கு நம்மில் ஏழு பேர் வாரம் இரண்டு முறை வண்டி அனுப்புகிறோம். ஏழு வண்டியும் அரை லோடுதான். டீசல் விற்கிற விலைக்கு இது கட்டுபடியாகாது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனாலும் அவரவர் வண்டியை அவரவர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏழு பேர் சரக்கையும் ஒன்றாகச் சேர்த்து, சில்லறைக் கடைக்காரர் போனிலேயே ஆர்டர் போட, எந்த வண்டி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரே மேப்பில் வரைந்து கொடுக்கும்படி ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று யோசனை வந்தது. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, எல்லோருக்கும் பொதுவான திறந்த மேப்பையும் திறந்த மென்பொருளையும் வைத்து இதைச் செய்து தருவதாகச் சொல்லிச் செலவுக் கணக்கும் கொடுத்தார். எல்லோருக்கும் சம்மதமாகவே இருந்தது.

அந்த நேரத்தில், இதே வேலையை ஆண்டுச் சந்தாவுக்குச் செய்து தருகிற வெளியூர் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி வந்து சேர்ந்தார். நல்ல பேச்சு. “சார், நீங்களே செய்துகொள்ளலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இப்படி வழியைக் கணக்குப் போட்டு வண்டிக்கு வரிசை கொடுக்கிற முறைக்கெல்லாம் பேடண்ட் இருக்கிறது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்” என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்களுக்குப் பழைய விற்பனை வரிக் காலத்து ஞாபகம் வந்துவிட்டது போலும். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. பருப்பு, மல்லி, மிளகாய் வத்தல் தவிர வேறு சரக்கு அறியாதவன். ஆனால் ஒருவர் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போக, அதைக் கேட்டு ஏழு வியாபாரிகள் வேலையை நிறுத்திவிட்டோமே என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் தம்பி மகன் தீபாவளிக்கு வந்தபோது இரண்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் சட்டப் புத்தகத்தை வாங்கி, புரிந்தவரை படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாம்பார் பொடியும் அதன் பாக்கெட்டும்

முதலில் இரண்டு உரிமைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று பதிப்புரிமை, மற்றொன்று காப்புரிமை. இந்த இரண்டாவதைத்தான் பேடண்ட் என்கிறோம்.

நான் சாம்பார் பொடி போட்டு விற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பாக்கெட்டில் அச்சிட்ட வாசகத்தையும் படத்தையும் இன்னொருவர் அப்படியே அச்சடித்தால் அது குற்றம். பதிப்புரிமை அதைப் போன்றது. கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம் முதல் மென்பொருளும் எழுத்துப் படைப்பாகவே கருதப்படுகிறது. ஒருவர் எழுதிய மென்பொருளைத் திருடி விற்றால் வழக்குப் போடலாம்.

காப்புரிமையோ மல்லியையும் வத்தலையும் வறுத்து அரைக்கும் முறையையே ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பது போன்றது. என் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்திராத ஒருவர், தன் வீட்டில் தானாக யோசித்து அப்படி அரைத்தாலும் அவரும் எனக்குப் பணம் கட்ட வேண்டும். நம் நாட்டில் காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு.

இந்த இடத்தில்தான் திறந்த மென்பொருள்காரர்களின் ஆட்சேபணை இருக்கிறது. திறந்த மென்பொருள் என்றால் எழுதியவர் தன் எழுத்தை எல்லோரும் பார்க்கவும், திருத்தவும், பயன்படுத்தவும் அனுமதித்து வெளியிடுவது. லினக்ஸ் என்பது அப்படி வந்ததுதான். அதில் வேலை செய்கிறவர்கள் உலகமெங்கும் சிதறியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள். யாருடைய எழுத்தையும் திருடாமல் சொந்தமாக எழுதினாலும், எங்கோ ஒரு நாட்டில் யாரோ வாங்கி வைத்த காப்புரிமையில் கால் இடறக் கூடும். கடன் வாங்காதவன் வீட்டுக்கு ஜப்தி வருவது மாதிரி என்றான் என் தம்பி மகன்.

வழி சொல்லும் பெட்டிக்கு வந்த வழக்கு

மேப் விஷயத்தில் இது வெறும் பயம்தானா, நிஜமாகவே நடந்திருக்கிறதா என்று கேட்டேன். நடந்திருக்கிறது.

டாம்டாம் என்பது ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில் உள்ள நிறுவனம். காரில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தால் இடது, வலது என்று வழி சொல்லுகிற சிறு பெட்டி செய்து பெயர் பெற்றது. அந்தப் பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். 2009 பிப்ரவரி மாதம் மைக்ரோசாப்ட் நிறுவனம் அமெரிக்காவில் டாம்டாம் மீது வழக்குப் போட்டது. மொத்தம் 8 காப்புரிமைகளை மீறியதாகப் புகார். அவற்றில் 5 வண்டியில் வழி காட்டும் கருவி சம்பந்தப்பட்டவை. வண்டி ஓட்டுகிறவருக்கு வழிக் குறிப்பு தயாரிக்கும் முறையும் அதில் ஒன்று. மற்ற 3, மெமரி கார்டு போன்றவற்றில் கோப்புகளை நிர்வகிக்கும் முறை பற்றியவை. பெரிய பெயருள்ள கோப்பைப் பழைய சின்னப் பெயர் முறையோடு ஒத்துப் போகும்படி பதிவு செய்வதும் அவற்றில் அடங்கும்.

டாம்டாம் எதிர் வழக்குப் போட்டுப் பார்த்தது. ஆனால் மார்ச் 30-ஆம் தேதி சமரசம் ஆகிவிட்டது. மைக்ரோசாப்டுக்கு டாம்டாம் பணம் கட்டுவது என்றும், கோப்புப் பெயர் சம்பந்தமான வசதியை இரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடுவது என்றும் முடிவு. எவ்வளவு பணம் என்று வெளியிடவில்லை. ஐந்து வாரத்தில் முடிந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வழக்கு நடத்துகிற செலவைவிடக் கட்டிவிடுவது மலிவு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். வியாபாரி செய்கிற கணக்குத்தான். (இதே மைக்ரோசாப்ட் 2018 அக்டோபரில், லினக்ஸ் மீது காப்புரிமை வழக்குப் போடுவதில்லை என்று உறுதி கொடுக்கும் கூட்டமைப்பில் ஏறத்தாழ 60,000 காப்புரிமைகளோடு சேர்ந்துகொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலம் மாறும்.)

இன்னொரு வழக்கு தீர்ப்பு வரை போனது. பெர்லினைச் சேர்ந்த ஆர்ட்பிளஸ்காம் என்ற நிறுவனம் 1990-களிலேயே பூமி உருண்டையைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டி, எந்த ஊரையும் நெருங்கிப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. கூகுள் எர்த் தங்கள் காப்புரிமையை மீறியது என்று 2014-ல் அமெரிக்காவில் வழக்கு. 2016-ல் ஜூரி அந்தக் காப்புரிமையே செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே ஓர் அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் அதைப் போன்ற ஒன்றைச் செய்து பலருக்குக் காட்டியிருந்தது என்று சாட்சியம் வந்ததுதான் காரணம். 2017-ல் அப்பீலிலும் அதுவே உறுதியானது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே ஒருவர் செய்து, அதற்கு அத்தாட்சியும் இருந்தால் காப்புரிமை நிற்காது. நமக்குத் தெரிந்த மஞ்சள் கதையும் இதுதானே? புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுப் போட்டு, பழைய சமஸ்கிருத நூலையும், 1953-ல் இந்திய மருத்துவக் கழக இதழில் வந்த கட்டுரையையும் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ‘எங்கள் பாட்டி பூசினாள்’ என்று சொன்னதால் ஜெயிக்கவில்லை. எழுத்தில் காட்டியதால் ஜெயித்தார்கள்.

நம் சட்டத்தில் உள்ள இரண்டு சொல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ல் வந்தது. அதற்கு அடிப்படை போட்டவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், பின்னால் உச்ச நீதிமன்றம் போனவர். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையைப் பின்பற்றித்தான் மருந்துப் பொருளுக்கு நேரடியாகக் காப்புரிமை கிடையாது என்று வைத்தார்கள். நம் ஊரில் மருந்து மலிவாகக் கிடைத்ததற்கு அது ஒரு காரணம். எழுதிய ஒரு வரி எத்தனை கோடிப் பேர் பாக்கெட்டைத் தொடுகிறது பாருங்கள்.

அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதில் (கே) என்ற உட்பிரிவு சேர்ந்தது. கணித முறை, வணிக முறை, கம்ப்யூட்டர் புரோகிராம் ‘பெர் சே’, அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் பொருள். பெர் சே என்பது லத்தீன். ‘அந்த அளவில் மட்டும், தனக்குத் தானே’ என்று அர்த்தம். அல்காரிதம் என்றால் ஒரு கணக்கைப் படிப்படியாகப் போடும் வழி.

வணிக முறை என்ற சொல்லை நம் உறுப்பினர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அமேசான் நிறுவனம் ஒரே கிளிக்கில் சரக்கு வாங்கும் முறைக்கு 1999-ல் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வாடிக்கையாளரின் விலாசத்தை நினைவில் வைத்திருந்து, அவர் ‘அனுப்புங்க’ என்றதும் சரக்கை அனுப்புவது. நம் தாத்தா காலத்து மளிகைக் கடையில் நடக்காததா? அந்தக் காப்புரிமை 2017-ல் காலாவதியானது. அதற்குள் அமெரிக்காவே கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. வெறும் யோசனையைக் கம்ப்யூட்டரில் செய்வதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் சொன்னது.

நம் நாட்டில் இந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தவர்கள் உண்டு. உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த வாக்குப்படி 2005 ஜனவரி 1-க்குள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. சுனாமி அடித்த அதே வாரம். நம் கடலோரத்தில் யார் அதைக் கவனித்திருக்கப் போகிறார்கள்! அதில் (கே) பிரிவை மாற்றி, தொழிலில் பயன்படும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும், கருவியோடு சேர்ந்து வரும் புரோகிராமுக்கும் காப்புரிமை கொடுக்கலாம் என்கிற விதமாக எழுதியிருந்தார்கள். கருவியோடு சேராத புரோகிராம் எது? ஆகவே எல்லாமே உள்ளே வந்துவிடும். திறந்த மென்பொருள் அமைப்புகள் ஆட்சேபித்தன. இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்த மாற்றம் நீக்கப்பட்டு, பழைய வாசகமே நின்றது. அதே ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றமும் இதைப் போன்ற ஒரு சட்டத்தை 648-க்கு 14 என்ற வாக்கில் தள்ளிவிட்டது.

அதோடு முடியவில்லை. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம், மனுக்களை ஆராயும் தன் அதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சட்டத்தில் தோற்றது வழிகாட்டியில் நுழைகிறது என்று மென்பொருள் சிறு நிறுவனங்களும் திறந்த மென்பொருள்காரர்களும் கடிதம் எழுதினார்கள். டிசம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் கண்டிப்பான புதிய வழிகாட்டி. 2017 ஜூனில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி மறுபடி ஒன்று. 2019 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் பெரித் அல்லானி வழக்கில், கம்ப்யூட்டர் புரோகிராம் சம்பந்தப்பட்டது என்பதற்காக மட்டும் எல்லா மனுவையும் தள்ளக் கூடாது, தொழில்நுட்ப ரீதியான பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது. ‘பெர் சே’ என்ற இரண்டு சொல்லை ஒருவர் இந்தப் பக்கம் இழுக்கிறார், ஒருவர் அந்தப் பக்கம் இழுக்கிறார். எடைக்காரர் தராசு முள்ளைத் தட்டுகிற மாதிரிதான். நாம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் டில்லித் தீர்ப்பில் தப்பு சொல்ல மாட்டேன். பத்து வருடம் பாடுபட்டு நிஜமாகவே புதிதாக ஒரு கருவி செய்கிறவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும். அப்படிச் செய்கிற நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய வழக்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ‘இது என்னுடையது’ என்று வந்து நிற்பதைத்தான் ஏற்க முடியாது.

கணக்குப்பிள்ளையின் லைன் நோட்டு

எங்கள் கடையில் என் தகப்பனார் காலத்தில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் வைத்திருந்த லைன் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர் வரிசை. ஊருக்குள் கடை வரிசை. வெள்ளிக்கிழமை அடைப்பு எந்தக் கடை, மத்தியானம் சாப்பிடப் போகிறவர் யார், எந்தத் தெருவில் லாரி திரும்பாது, எல்லாம் ஓரத்தில் குறித்திருப்பார். சரக்கு ஏற்றும்போது கடைசிக் கடை மூட்டை முதலில், முதல் கடை மூட்டை கடைசியில். தேர்த் திருநாள் என்றால் வேறு பக்கத்தில் வேறு வரிசை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டால் கரைப் பாதை கிடையாது என்பதற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்தப் பிரதிநிதி திரையில் காட்டிய படத்தில் என்ன இருந்ததோ, அதில் பெரும்பாலானது இந்த நோட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை வேகமாகச் செய்கிறது, ஐம்பது வண்டிக்கும் சேர்த்துச் செய்கிறது. அந்த வேகத்துக்கு அவர் காசு கேட்கட்டும், கொடுக்கலாம். வரிசை போடும் யோசனைக்குக் கேட்க முடியுமா?

மேப்பில் ரோடு இருக்கு

திறந்த மேப் என்று சொன்னேனே, ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை, கடையை, பாலத்தை அதில் குறிக்கலாம். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அதன் தகவலைத் திருத்தி வெளியிட்டால் அதே நிபந்தனையில் மற்றவருக்கும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், தண்ணீர் நின்ற தெருக்களை ஜனங்களே இந்த மேப்பின் மேல் குறித்துக் கொடுத்தார்கள்.

அதன் அருமை எனக்கு 2023-ல் தான் தெரிந்தது. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி ஜங்ஷன் வரை வந்துவிட்டது. கொஞ்சம் வடிந்ததும் ஏரல் பக்கத்துக் கடைகளுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றி வண்டி அனுப்பினேன். போனில் இருந்த மேப் வழக்கமான பாதையை நீல நிறத்தில் அழகாகக் காட்டியது. ஒரு மணி நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார். “அண்ணாச்சி, மேப்புல ரோடு இருக்கு. இங்க ரோட்டக் காணோம்.” பிறகு வழியில் டீக்கடையில் கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அந்தத் தகவலை அன்றைக்கே நாமே மேப்பில் குறித்து, பின்னால் வரும் ஆறு வண்டிக்கும் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

மேப் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம் அரசாங்கத்தையும் விடவில்லை. 2016 மே மாதம் வந்த ஒரு சட்ட முன்வரைவின்படி, உரிமம் இல்லாமல் புவிசார் தகவல் சேகரித்தால் ஒரு கோடி முதல் 100 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பலத்த எதிர்ப்பு வந்து அது கைவிடப்பட்டது. 2021 பிப்ரவரி 15-ல் நேர்மாறாக, இந்திய நிறுவனங்களும் குடிமக்களும் முன் அனுமதியின்றி மேப் தகவல் சேகரிக்கலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. நம் மொத்தத் திட்டமும் அந்தத் தளர்வில்தான் நிற்கிறது.

போட்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. 2024 ஜூலையில் ஓலா நிறுவனம் கூகுள் மேப்பை விட்டுச் சொந்த மேப்புக்குப் போவதாகவும், ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவு மிச்சம் என்றும் அறிவித்தது. அதே மாதம், இந்தியாவில் மேப் சேவைக் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகக் கூகுள் அறிவித்தது. எதிர்க் கடை திறந்தால் விலை இறங்கும் என்பது நமக்குத் தெரியாததில்லை. காப்புரிமை என்று சொல்லி எதிர்க் கடையே திறக்க விடாமல் செய்தால்?

அதற்காகத் திறந்த மேப்பில் குறையே இல்லை என்று சொல்லி உறுப்பினர்களை ஏமாற்ற மாட்டேன். நம் தாலுகாக்களில் பல கிராமத் தெருக்கள் அதில் பெயரில்லாமல் வெறும் கோடாக இருக்கின்றன. கடைகளும் குறைவு, கூகுளில்தான் அதிகம். காசில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு மாத வாடகை, பார்த்துக்கொள்ளும் தம்பிக்குச் சம்பளம், இரண்டும் உண்டு. ஏழு பேர் பங்கு போட்டால் ஒரு வண்டியின் மாத டீசலில் பாதிகூட வராது என்பதால்தான் நான் ஆதரிக்கிறேன்.

பேடண்ட் என்று யாராவது சொன்னால்

வக்கீல் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். காப்புரிமை என்பது அந்தந்த நாட்டுக்கு மட்டும். அமெரிக்காவில் வாங்கியதை வைத்துத் திருநெல்வேலியில் வழக்குப் போட முடியாது. இந்தியாவில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முதலில் எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்தால் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் தேடிப் பார்க்கலாம். உயிரோடு இருக்கிறதா, புதுப்பிக்காமல் போனதா, எதற்கு உரிமை கேட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். விவரம் வேண்டுமானால் சென்னை கிண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. இன்னும் கொடுக்கப்படாத மனு என்றால் 25-வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்த பிறகு என்றால் சம்பந்தப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம்.

106-வது பிரிவு எனக்குப் பிடித்தது. ஆதாரம் இல்லாமல் காப்புரிமை வழக்குப் போடுவேன் என்று ஒருவர் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய் அதைத் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் ‘காப்புரிமை இருக்கிறது’ என்று தகவல் மட்டும் சொல்வது மிரட்டல் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. காபி குடித்துவிட்டுப் போனவர் அதைப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்!

தலைவர், செயலாளரைக் கலந்துகொண்டு, சங்கத்தின் பெயரில் அந்த நிறுவனத்துக்கு மூன்றே கேள்வி எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். எந்த நாட்டுக் காப்புரிமை, எண் என்ன, எந்த ஆண்டு. போய்ச் சேர்ந்த அத்தாட்சி வந்துவிட்டது. ஆறு வாரமாகப் பதில் இல்லை.

அதற்கிடையில் பாளையங்கோட்டைத் தம்பி இரண்டு நடை என் வண்டியிலேயே அம்பாசமுத்திரம் லைனுக்குப் போய்க் கடைகளைத் திறந்த மேப்பில் குறித்து வருகிறார். பத்தமடையில் ஒரு தெருவுக்கு மேப்பில் பெயர் தப்பு என்று என் டிரைவர் சொல்ல, அங்கேயே திருத்தியிருக்கிறார். சாயந்தரம் என் போனில் பார்த்தேன், மாறியிருந்தது.

அடுத்த செயற்குழுவில் இந்த விஷயம் மறுபடி வருகிறது. பழைய லைன் நோட்டு வைத்திருக்கும் உறுப்பினர்கள், எந்த லைனாக இருந்தாலும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். அட்டையில் வருடம் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கவும்.